இரண்டரை லட்ச ரூபாய் எஸ்டிமேட்டும் ஒரு தெர்மோஸ்டாட்டும்

டீசல் பிரீமியம் காம்பாக்ட் எஸ்யூவி வைத்திருப்பவர்கள், அதிலும் செகண்ட் ஹேண்டில் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வண்டி இழுக்கவில்லை என்று போய் நின்றதற்குக் கையில் கொடுத்த எஸ்டிமேட் 2,60,000 ரூபாய்க்குப் பக்கம். கடைசியில் கோளாறு இருந்தது எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் சின்ன வால்வான தெர்மோஸ்டாட்டில். நடுவில் வாடகைக் காருக்குப் போன பணம், கெட்ட தூக்கம், வீட்டில் கேட்ட பேச்சு எல்லாம் தனிக் கணக்கு. ஷோரூமில் கண்ணாடிக் கூரையைத் திறந்து மூடிக் காட்டுகிறார்கள், சீட்டின் தையலைத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். பானட்டுக்குள் டர்போவை ஒட்டி உட்கார்ந்திருக்கும் டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை. எந்தக் கம்பெனி வண்டி, எந்த ஒர்க்‌ஷாப் என்பது இங்கே வேண்டாம். பிஎஸ்6 என்கிற புகை வரம்பு விதிக்கு உட்பட்ட டீசல் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான், அதனால் யாருக்கும் வரலாம்.

முதலில் இந்த ரக வண்டியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வோம், அப்போதுதான் குறைந்தது எது என்று தெரியும். பிஎம்டபிள்யூ எக்ஸ்1 20டி, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ 220டி போன்றவற்றில் இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின், 190 குதிரைசக்தி, 400 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏழரை வினாடி சுமார். ஆனால் தினசரி ஓட்டத்தில் நீங்கள் உணர்வது அந்த 190ஐ அல்ல. அந்த 400 நியூட்டன் மீட்டர் 1,750 முதல் 2,500 ஆர்பிஎம் வரை அப்படியே தட்டையாகக் கிடைக்கிறது. கணக்குப் போட்டால், 2,000 ஆர்பிஎம்மிலேயே எஞ்சின் கிட்டத்தட்ட 114 குதிரைசக்தியைத் தந்துவிடுகிறது. கிரெட்டா, செல்டோஸ் வகை 1.5 லிட்டர் டீசல் 4,000 ஆர்பிஎம்முக்கு ஏறித் தரும் உச்சம் ஏறக்குறைய இதுதான். அதனால்தான் 80ல் போகும்போது ஒரு லாரியைத் தாண்ட லேசாக மிதித்தாலே போதும், கியர் இறங்கிச் சத்தம் போட வேண்டியதில்லை. இந்த "லேசாக மிதித்தாலே" என்பது போய், அதே இடத்தில் கியர் இரண்டு படி இறங்கி எஞ்சின் கத்த ஆரம்பித்தால், அதுதான் முதல் எச்சரிக்கை. மீட்டரில் எந்த விளக்கும் வருவதற்கு ரொம்ப முன்பே இது வந்துவிடும்.

இந்த எஸ்டிமேட் வாங்கிய வண்டியின் ஓட்டம் சென்னையில் சோழிங்கநல்லூரிலிருந்து டைடல் பார்க், மாலையில் அதே வழி திரும்பல், நடுவில் பள்ளிக்கூடம், மளிகைக் கடை. அதாவது புகை நன்றாகச் சூடாகும் அளவுக்கு வேகமே கிடைக்காது. டீசலுக்கு இதைவிட மோசமான உபயோகம் கிடையாது. காரணம் இதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்தபோது டீசல் கார்களின் புகைத்துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாக இறங்கியது. டிபிஎஃப் இல்லாமல் இதை எட்ட முடியாது. அது ஒரு பீங்கான் தேன்கூடு. துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருக்கும், புகை சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியேற வேண்டும், கரி உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் புகையின் சூடு 300 டிகிரியைத் தாண்டும்போது ஓரளவு தானாகவே எரிந்துவிடும். நகர நெரிசலில் அந்தச் சூடு வராது. அப்போது கம்ப்யூட்டர் தானே இறங்கி, எரிப்பு முடிந்த பிறகு சிலிண்டருக்குள் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி, அது வினையூக்கியில் எரிந்து, டிபிஎஃப்பை 600 டிகிரி சுற்றளவுக்குக் கொண்டுபோகிறது. இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள், ஒர்க்‌ஷாப் பாஷையில் "ரீஜென்". பொதுவாக 300 முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை நடக்கும், பதினைந்து இருபது நிமிடம் எடுக்கும்.

ரீஜென் நடக்கிறது என்று திரையில் எதுவும் வராது. பெரும்பாலான வண்டிகளில் அப்படித்தான். ஆனால் கவனித்தால் தெரியும். சிக்னலில் நிற்கும்போது 750, 800ல் இருக்க வேண்டிய ஐடிலிங் 900, 1,000க்கு ஏறி நிற்கும். ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. மைலேஜ் மீட்டர் திடீரென்று பாதியாகும். பார்க்கிங்கில் நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், கீழிருந்து சூடான இரும்பு வாடை வரும். ஓடும்போது இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ரீஜென் நடக்கிறது என்று அர்த்தம், அணைத்த பிறகு ஃபேன் ஓடினால் பாதியில் சாவியைத் திருப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். முடிந்தால் அந்த நேரத்தில் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒரு முறை பாதியில் அணைத்தால் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப நடந்தால் இரண்டு நஷ்டம். கரி அப்படியே இருக்கும், கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். இந்த ரக வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது, திரையில் மெனுவுக்குள் போய்த்தான் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை பாருங்கள். "மேக்ஸ்" கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலில் டீசல் இருக்கிறது. நீர்த்துப் போன ஆயில் டர்போவின் பேரிங்கைத்தான் முதலில் தின்னும்.

இழுவை குறைந்து சில வாரம் கழித்து டிபிஎஃப் செய்தி மஞ்சளில் வந்தது. கையேட்டில் "வேகமாகச் சிறிது தூரம் ஓட்டவும்" என்பதுபோல ஒரு வரி. எப்படி ஓட்டுவது என்று இல்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். டேங்க்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்க வேண்டும். ரிசர்வ் விளக்கு எரிந்தால் பல எஞ்சின்கள் ரீஜெனைத் தொடங்கவே தொடங்காது. சென்னைக்காரர்களுக்கு இதற்கு வசதியான சாலை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. 70 முதல் 80 கிலோமீட்டர் வேகம் போதும், பறக்க வேண்டியதில்லை. முக்கியம் ஆர்பிஎம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 80ல் மேல் கியருக்குப் போய் 1,400ல் தூங்கிக்கொண்டிருக்கும், அதில் புகை சூடாகாது. கியரை மேனுவல் மோடுக்கு மாற்றி, 2,000 முதல் 2,500க்குள் வைத்து, இருபது இருபத்தைந்து நிமிடம் ஒரே சீராக ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து ரெவ் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை, எஞ்சினுக்கு லோடு இருந்தால்தான் சூடு வரும். ஓட்டி முடித்தவுடன் அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். விளையாட்டில்லை, தீப்பிடிக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு இத்தோடு விளக்கு அணைந்துவிடும். இங்கே அணையவில்லை. நல்ல நீளமான ஓட்டத்துக்குப் பிறகும் செய்தி அப்படியே நின்றது, கொஞ்ச நாளில் எஞ்சின் விளக்கும் சேர்ந்துகொண்டது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் முறையாக ஓட்டியும் விளக்கு போகவில்லை என்றால் உபயோகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டியில் வேறு ஏதோ ஒன்று ரீஜெனைத் தடுக்கிறது. இதை அன்றைக்கே ஒருவர் சொல்லியிருந்தால் எஞ்சின் தன் சக்தியைத் தானே வெட்டிக்கொள்ளும் லிம்ப் மோட் வரை போயிருக்காது.

லிம்ப் மோட் வந்தது ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை), மாலை நெரிசலில். யூ-டர்ன் போட்டு வேகம் எடுக்கும் இடத்தில் மிதிக்க மிதிக்க வண்டி நகர மறுக்கிறது, 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் போகவில்லை, பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன். ஐம்பது லட்ச ரூபாய் வண்டியை ஷேர் ஆட்டோ இடதுபக்கம் தாண்டிப் போகிறது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது ஆபத்து. லிம்ப் மோட் என்பது டர்போ அழுத்தத்தையும் டார்க்கையும் கம்ப்யூட்டரே வெட்டிவிடுவது. எஞ்சினைக் காப்பாற்றத்தான் செய்கிறது. அப்போது முந்த முயற்சி செய்யாதீர்கள், ஹசார்ட் போட்டு இடது லேனுக்கு வந்துவிடுங்கள். அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில சமயம் இழுவை திரும்பி வரும். அதை நம்பி வெளியூர் கிளம்பக் கூடாது. டோ செய்ய வேண்டி வந்தால் ஃப்ளாட்பெட் லாரிதான். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள், கியர்பாக்ஸ் போனால் அது டிபிஎஃப்பைவிடப் பெரிய செலவு.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டதும் வந்தது பி2463 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. சர்வீஸ் அட்வைசர் பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: "சார், டிபிஎஃப் போயிடுச்சு. மாத்திடலாம்." வாரன்டியில் வராதா என்றால், அடைப்பு என்பது உபயோகத்தால் வந்தது, தயாரிப்புக் குறை இல்லையாம். ஏன் அடைத்தது என்று கேட்டால் "சிட்டி டிரைவிங் சார்". வயிறு எரிந்தது. இந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு வெளியே வராதீர்கள். பி2463 என்பது விளைவைத்தான் சொல்கிறது, காரணத்தை அல்ல. காரணத்தைச் சரி செய்யாமல் புது டிபிஎஃப் போட்டால், அதுவும் சில மாதத்தில் அடைக்கும். அங்கே கேட்க வேண்டியவை இவை: கரியின் அளவு எத்தனை கிராம், கணக்கிட்டதும் அளந்ததும் தனித்தனியாக, சாம்பல் எத்தனை, கடைசி முழு ரீஜென் எத்தனை கிலோமீட்டருக்கு முன், தொடங்கிப் பாதியில் நின்றவை எத்தனை, ஓடும்போது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு எவ்வளவு. எல்லாமே ஸ்கேனரில் இருக்கிறது. அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். ரிப்போர்ட் தர மறுக்கும் இடத்தில் இரண்டு லட்சத்துக்கு வேலை கொடுக்காதீர்கள்.

கரியும் சாம்பலும் வேறு வேறு என்பதைப் புரிந்துகொண்டாலே பாதி ஏமாற்று நின்றுவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் எஞ்சின் ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்க்கைகளிலிருந்து வருவது, லட்சம் கிலோமீட்டருக்கு மேல் மெதுவாகச் சேரும். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ஓடிய வண்டியில் டிபிஎஃப் சாம்பலால் நிறைந்து "ஆயுள் முடிந்தது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்று தப்பான ஆயில் ஊற்றியிருக்கிறார்கள், இல்லை உள்ளே இருப்பது கரிதான். கரி என்றால் எரிக்கலாம், கழுவலாம்.

கிண்டியில் ஒரு தனி மெக்கானிக்கிடம் வண்டி போனது. அவர் டிபிஎஃப்பைத் தொடவே இல்லை. "அது பாவம்ணே, அதை விடுங்க. ரீஜென் ஏன் நடக்கலைன்னு பாப்போம்" என்று விலை குறைந்த பொருளிலிருந்து ஆரம்பித்தார். அந்த வரிசையை அப்படியே தருகிறேன், ஏனென்றால் எந்தத் திறமையான மெக்கானிக்கும் இப்படித்தான் போவார். முதலில் டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசத்தைப் பார்க்கும் சென்சார். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். இந்த நிலையில் புகையே ஓடவில்லை, அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். பத்து, பதினைந்து மில்லிபார் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. அடுத்து அந்த சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய். சூட்டில் வெடித்திருக்கும், அல்லது உள்ளே கரி அடைத்திருக்கும். பிறகு டர்போவிலிருந்து, அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில் விரலை ஓட்டினால் கீறல் தட்டுப்படும். காற்று கசிந்தால் டீசல் முழுதாக எரியாமல் கரி இரண்டு மடங்கு. அதன் பிறகு புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கிறதா, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் திருத்த அளவுகளில் ஏதாவது ஒன்று மட்டும் தனியாக விலகி நிற்கிறதா, குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக்குகள் உயிரோடு இருக்கின்றனவா. சில எஞ்சின்கள் ஒரு குளோ பிளக் போனாலே ரீஜெனை நிறுத்திவிடும், நம் ஊர் வெயிலில் ஸ்டார்ட்டிங்கில் எந்தக் குறையும் தெரியாது என்பதால் யாரும் அதைத் தேட மாட்டார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தது. லேப்டாப்பை மாட்டியபடியே மதுரவாயல் பைபாஸில் ஓட்டிப் பார்த்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது. நெரிசலில் 84 டிகிரி காட்டிய கூலன்ட், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட ஆரம்பித்ததும் மெல்ல இறங்கி 66 டிகிரியில் நின்றது. தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கிவிட்டது. 90 டிகிரி சுற்றளவில் இருக்க வேண்டிய எஞ்சின், வேகக் காற்று ரேடியேட்டரில் அடித்ததும் குளிர்ந்து போகிறது. கூலன்ட் 70, 75 டிகிரி தாண்டினால்தான் ரீஜெனுக்கு அனுமதி என்று கம்ப்யூட்டரில் விதி வைத்திருப்பார்கள். ஆக, நகரத்தில் சூடு இருக்கிறது, வேகம் இல்லை; வெளிவட்டச் சாலையில் வேகம் இருக்கிறது, சூடு இல்லை. இரண்டு இடத்திலும் ரீஜென் முடியவில்லை. இந்த வண்டியில் கூலன்ட் முள்ளே கிடையாது, அதிகச் சூடானால் மட்டும் சிவப்பு விளக்கு வரும். குறைவாக இருப்பதை யார் சொல்வது? ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கச் செருகும் ஒரு ஓபிடி டாங்கிளும் போனில் ஒரு ஆப்பும் சொல்லும். டீசல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது நெடுஞ்சாலை வேகத்தில் கூலன்ட் சூடு. 80 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து நின்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம்.

சரி செய்த வரிசையும் முக்கியம். முதலில் தெர்மோஸ்டாட் அதன் ஹவுசிங்கோடு, கம்பெனி சொல்லும் கூலன்ட், காற்றுக் குமிழி இல்லாமல் ஏர் பிளீடிங். அதற்குப் பிறகுதான் டிபிஎஃப். கரி எல்லை மீறியிருந்ததால் ஸ்கேனர் வழியாகக் கட்டாய ரீஜென் செய்ய வண்டி ஒப்புக்கொள்ளவில்லை. பல எஞ்சின்களில் 40 கிராம் சுற்றளவைத் தாண்டினால் இப்படித்தான், அது நல்லதுக்கே. அவ்வளவு கரி ஒரே மூச்சில் பற்றினால் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டி தேன்கூடு விரிசல் விட்டுவிடும். இதைச் சுற்றிக்கொண்டு "எப்படியாவது எரித்துத் தருகிறேன்" என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். கழற்றி, மெஷினில் பின்பக்கமிருந்து நீரும் காற்றும் செலுத்திக் கழுவி, உலர வைத்து மாட்டினார்கள். கழுவும் முன்பும் உலர்ந்த பின்பும் எடை போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள், வேலை நடந்ததற்கு அதுதான் அத்தாட்சி. மாட்டிய பிறகு கம்ப்யூட்டரில் கரிக் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். விட்டுவிட்டால் காலி ஃபில்டரை நிறைந்தது என்று நினைத்து மறுபடி லிம்ப் மோடில் போடும். கடைசியாக ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், பழைய ஆயிலில் டீசல் கலந்திருக்கிறதே. கழற்றும் கூலி, கழுவல், தெர்மோஸ்டாட், கூலன்ட், ஆயில், ஃப்ளாட்பெட் எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய்க்குள் அடங்கியது. வலிக்கத்தான் செய்தது, ஆனால் 2,60,000 கொடுத்திருந்தால் புது டிபிஎஃப்பும் இதே தெர்மோஸ்டாட்டோடு ஓடியிருக்கும் என்பதை நினைத்தால்தான் உண்மையில் கோபம் வருகிறது.

ஆயில் விஷயத்தில் ஒரு வார்த்தை. டின்னின் முன்பக்கம் "5டபிள்யூ-30" என்று இருந்தால் மட்டும் போதாது. பின்பக்கம் பொடி எழுத்தில் சாம்பல் குறைந்த வகை என்பதற்கான அடையாளம் இருக்க வேண்டும்: ஏசிஇஏ சி3, அல்லது பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் 229.51, ஃபோக்ஸ்வேகன் 507.00 என்று உங்கள் கையேடு கேட்பது எதுவோ அது. டீசல் தானே என்று லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40ஐ ஊற்றிவிடும் கடைகள் உண்டு. அது டிபிஎஃப்பில் கழுவினாலும் முழுதாகப் போகாத சாம்பலை விட்டுச் செல்லும். கம்பெனி திரையில் 15,000, 20,000 கிலோமீட்டர் இடைவெளி காட்டினாலும், நகர ஓட்டத்துக்கு 8,000, பத்தாயிரத்தில் மாற்றிவிடுவது என் கட்சி.

உங்கள் வண்டியில் ஆட்புளூ டேங்க் இருந்தால் அதற்கும் ஒரு எச்சரிக்கை. ஆட்புளூ என்பது புகையின் நச்சு வாயுவைக் குறைக்க ஊற்றும் 32.5 சதவீத யூரியாக் கரைசல், வெயிலில் கெடும். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்குவது, 35 டிகிரியில் ஆறு மாதம்தான். கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கி வைத்திருக்கும் கேனை வாங்காதீர்கள், தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். மீட்டரில் "இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது" என்று எண்ணிக்கை ஓடத் தொடங்கினால் அது மிரட்டல் இல்லை, பூஜ்யமானதும் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஆட்புளூவைத் தவறி டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் இக்னிஷனைக்கூட ஆன் செய்யாமல் டோ செய்யுங்கள்.

இந்த அலைச்சலில் குறைந்தது மூன்று பேராவது சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "உள்ளே இருக்கிறதைத் தட்டி எடுத்துட்டு, ரீமேப் போட்டுடலாம் சார், பிக்அப்பும் ஏறும்." அதாவது டிபிஎஃப்பின் தேன்கூட்டை எடுத்துவிட்டு, எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது. விலையும் குறைவுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவது தப்பு. புகைச் சோதனையில் சிக்கலாம், கம்பெனி வாரன்டி போய்விடும், விபத்து நஷ்டஈட்டில் இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு சாக்கும் கிடைக்கும். அதோடு பின்னால் பைக்கில் வருகிறவர் அந்தக் கரியை மூச்சில் இழுக்கிறார். "பிக்அப் ஏறும்" என்பதும் பெரும்பாலும் அடைத்த டிபிஎஃப்போடு ஒப்பிட்டுச் சொல்வது. ஆரோக்கியமான டிபிஎஃப் உள்ள வண்டியில் இழுவைக்கு எந்தக் குறையும் இல்லை.

திரும்பி வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனசு சொல்வதை நம்பாமல் அளந்து பாருங்கள். காலியான சாலையில் மூன்றாவது கியரை மேனுவலில் பிடித்து, 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து, கம்ப்யூட்டர் கேட்கும் டர்போ அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் ஆப்பில் எவ்வளவு நெருக்கமாகப் போகின்றன என்று பாருங்கள். 2,000 ஆர்பிஎம் தாண்டியும் பெரிய இடைவெளி நீடித்தால் ஹோஸ் கசிவோ, டர்போவின் இதழ்கள் கரியில் சிக்கியதோ பாக்கி இருக்கிறது. இன்னொரு சோதனை மலைப்பாதை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் குணம் முழுதாகத் தெரிந்துவிடும். வளைவைவிட்டு வெளியே வரும்போது எஞ்சின் 1,200ல் இருக்கும், டர்போ அப்போது விழித்திருக்காது, அரை வினாடி தயக்கம் இயல்புதான். வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கிவிட்டால் அந்தத் தயக்கமும் இருக்காது. 1,800 தாண்டியும் தயங்கினால்தான் கோளாறு. சும்மா சொல்லக்கூடாது, சரியான நிலையில் இருக்கும் இரண்டு லிட்டர் டீசல் மலையேறுவதைப் போல ஒரு சுகம் வேறு எதிலும் இல்லை. அந்தச் சுகத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

ஆனால் வாங்குவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். வருடம் 10,000 கிலோமீட்டர், முழுக்க நகரம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 10, டீசல் 13 தருகிறது என்று வைத்துக்கொண்டு, பெட்ரோல் 101, டீசல் 92 ரூபாய் என்று போட்டால், வருடத்துக்கு மிச்சம் 30,000 ரூபாய். ஒரு புது டிபிஎஃப் அந்த மிச்சத்தில் எட்டு வருடத்தை விழுங்கிவிடும். வாரத்தில் ஒரு நாளாவது நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தடையில்லாத சாலை உங்கள் ஓட்டத்தில் இல்லை என்றால் பெட்ரோலையோ ஹைபிரிட்டையோ பாருங்கள். வாரக்கடைசியில் ஊருக்குப் போகிறவர், தினமும் ஸ்ரீபெரும்புதூருக்கோ செங்கல்பட்டுக்கோ போய் வருகிறவர் என்றால் தயங்காமல் டீசல் எடுக்கலாம்.

செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது முதல் காரியமாகச் சைலன்சர் குழாயின் உட்பக்கம் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. டிபிஎஃப் உயிரோடு இருக்கும் டீசலில் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும், லேசான சாம்பல் நிறம் இருக்கலாம். மை போலக் கருப்பாக ஒட்டினால் டிபிஎஃப் விரிசல் விட்டிருக்கிறது, இல்லை பிடுங்கிவிட்டார்கள். அடுத்து ஸ்கேன்: சாம்பல் அளவு, ரீஜென்களுக்கு இடையே சராசரித் தூரம், பழைய கோளாறுக் குறியீடுகள். அந்தச் சராசரி 150 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். குறியீடுகளெல்லாம் "நேற்றுதான் அழிக்கப்பட்டது" என்று தெரிந்தால், ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்ய ஒப்புக்கொள்கிறாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். சர்வீஸ் பில்களில் ஊற்றிய ஆயிலின் முழுப் பெயர் எழுதியிருக்கிறதா, கிலோமீட்டர் இடைவெளி என்ன என்று பாருங்கள். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் டீசல் வாங்காதீர்கள்.